முதலில் அளவு, பிறகே செலவு

நமது சங்கங்களிற் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி உண்டு. சங்கத்திற்கு இல்லாவிடினும் அங்கத்தினர் சிலர் தனித்தோ கூட்டாகவோ வைத்திருப்பர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த வண்டி. கடன் தீர்ந்த வண்டி. நூல் மூட்டையையும், சேலைக் கட்டையும், காய்கறிக் கூடையையும், உரச் சாக்கையும் பேதமின்றிச் சுமக்கும் வண்டி. இத்தகைய வண்டியின் எஞ்சின் எளிதில் நம்மைக் கைவிடுவதில்லை. பெரும்பாலும் கைவிடுவது அதன் மின்சாரமே. விடியற்காலை மூன்று மணிக்குத் தக்காளிக் கூடைகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், 'டக்' என்ற ஒரே ஒலியோடு அனைத்தும் அடங்கிவிடுகிறது. சந்தை எவருக்காகவும் காத்திராது. ஆறு மணிக்குச் சேர வேண்டிய காய் ஒன்பது மணிக்குச் சேர்ந்தால் என்ன விலைக்குப் போகும் என்பதை விவசாய அங்கத்தினர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இதன் பின்னர் நடைபெறுவதே இக்கட்டுரைக்குப் பொருள். முதலில் பாட்டரி மேல் பழி விழுகிறது. புதிய பாட்டரி வாங்கப்படுகிறது. இரண்டு வாரம் வண்டி ஓடுகிறது. மீண்டும் அதே 'டக்'. இம்முறை செல்ஃப் மோட்டார் கழற்றப்படுகிறது. அதற்கும் வண்டி மசியவில்லையெனில் ஆல்டர்னேட்டர் மாற்றப்படுகிறது. மூன்று பில்களுக்குப் பணம் கொடுத்தான பின்னர், பாட்டரியிலிருந்து சேஸிஸுக்குச் செல்லும் எர்த் கேபிளின் முனை துருவேறிக் கிடந்தது கண்டுபிடிக்கப்படுகிறது. அதைச் சுரண்டி முடுக்குவதற்கு ஆன செலவு ஒரு துண்டு உப்புத்தாள். இவ்வாறு நேர்வது நம் நாட்டில் அரிதன்று.

ஆகவே நாம் வற்புறுத்துவது ஒன்றே. மின்கோளாறு என்று சொல்லிச் சங்கப் பணத்தில் எந்த உதிரிப் பாகம் வாங்குவதாயினும், கோளாறு இன்ன இடத்தில் இருக்கிறதென்பதை முதலில் அளந்து, அந்த அளவை ஏட்டில் எழுதுதல் வேண்டும். அளவு எழுதப்படாத வவுச்சருக்கு நிர்வாக சபை ஒப்பம் இடலாகாது.

இது கடுமையான விதி என்று சிலர் எண்ணலாம். ஆனால் கூட்டுறவாளர்க்கு இது புதிதன்று. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் நெசவாளர் முதலிய தொழிலாளர் கூடி நிறுவிய சங்கத்தைக் கூட்டுறவு உலகம் தன் முன்னோடியாகப் போற்றுகிறது. கலப்பற்ற பொருளும் குறையாத எடையும் அவர்கள் கடையின் நெறியாக இருந்தன. நாமும் தராசில் வைக்காமல் பருத்தி வாங்குவதில்லை. முழம் போடாமல் துணி ஏற்பதில்லை. வண்டி விஷயத்தில் மட்டும் ஊகத்தின் பேரில் ஆயிரக்கணக்கான ரூபாயைச் செலவிடுவது எவ்வகையில் பொருந்தும்?

வாய்க்காலும் பாவும்

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாதது. ஆகையால் அது நமக்கு விளங்காதது என்ற அச்சம் பலரிடம் உண்டு. இந்த அச்சத்திற்குக் காரணமில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அறிவுடைய விவசாயி உடனே புதுக் கிணறு தோண்டுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வழியே நடந்து, எங்கே உடைப்பு, எங்கே தூர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் பாவையே மாற்றுவதில்லை; அறுந்த இழையைத் தேடி முடிகிறார். மின்கோளாறு காண்பதும் இதே வேலைதான்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்திற்கொள்ள வேண்டும். வாய்க்கால் நீர் வயலில் நின்றுவிடும். மின்சாரமோ புறப்பட்ட இடத்திற்குத் திரும்பியாக வேண்டும். பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து பியூஸ், ஸ்விட்ச், ஒயர் வழியே விளக்கை அடைந்து, அங்கிருந்து வண்டியின் உடற்பாகமாகிய இரும்பின் வழியே நெகட்டிவ் முனைக்கு வந்து சேரும். திரும்பும் இவ்வழியையே எர்த் என்கிறோம். போகும் வழியை ஆராய்பவர் பலர். திரும்பும் வழியை நினைப்பவர் சிலர். பழைய வண்டியில் துரு முதலில் தின்பது இந்தத் திரும்பும் வழியைத்தான். அதிலும் நம் வண்டிகள் உரச் சாக்கு ஏற்றுபவை. சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்து போல்ட்டையும் ஒயர் முனையையும் அரிக்கிறது. தானிய மணிகள் சிதறிய வண்டியில் எலி குடிபுகுந்து ஒயரைக் கடிக்கிறது. இவை எந்தக் கம்பெனியின் குற்றமும் அல்ல; நம் தொழிலோடு பிறந்த இடர்கள்.

செலவில்லாத சோதனைகள்

எந்தக் கருவியும் இல்லாமலே சில உண்மைகளை அறியலாம். ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியாவிடில் பாட்டரியைக் குறை கூறுதல் வீண். அந்த விளக்கின் பல்பு, அதன் பியூஸ், அதன் எர்த் ஆகிய மூன்றையும் பார்த்தாற் போதும். எல்லா விளக்குகளும் மங்கினால் பாட்டரியையும் பெரிய கேபிள்களையும் பார்க்க வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குமானால், அங்கே எர்த் கெட்டிருக்கிறது. மின்சாரம் தன் வழி அடைபட்டு அடுத்த வீட்டு வாசல் வழியே திரும்புகிறது என்று கொள்க.

செல்ஃப் எடுக்காதபோது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புக. விளக்கு அறவே அணைந்தால் பாட்டரியோ அதன் முனைகளோ குற்றவாளி. விளக்கு சற்றும் மங்காமல் எரிந்துகொண்டேயிருக்க, மோட்டார் அசையாமலிருந்தால், பாட்டரி பெரும்பாலும் குற்றமற்றது; சாவி ஸ்விட்சிலிருந்து செல்ஃப் மோட்டார் வரையுள்ள வழியைப் பார்க்க வேண்டும். புதுப் பாட்டரிக்குப் பணம் கொடுக்குமுன் செய்யத்தக்க இச்சோதனைக்கு அரை நிமிடமே போதும்.

மீட்டர் சொல்லும் சாட்சி

அடுத்து வேண்டுவது ஒரு மல்டிமீட்டர். சில நூறு ரூபாயில் கிடைக்கும் சாதாரண மீட்டரே நம் காரியத்திற்குப் போதுமானது. அதோடு ஒரு டெஸ்ட் லாம்ப். பழைய பல்பில் இரண்டு ஒயர்களைப் பற்ற வைத்தால் அதுவும் ஆயிற்று.

முதல் அளவு: வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின் பாட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் அளவில் காட்டினால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதி. 12-க்கும் கீழ் இறங்கினால் ஏறக்குறைய வற்றியது என்று பொருள். வற்றிய பாட்டரி கெட்ட பாட்டரி அன்று என்பதை மறக்கலாகாது; பசித்தவனையும் நோயாளியையும் ஒன்றாக எண்ணுவார் உண்டோ? முழுதும் சார்ஜ் செய்த பின்பே அதைச் சோதிக்க வேண்டும். நிறைந்த பாட்டரி, செல்ஃப் மோட்டார் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், அதன் ஆயுள் முடிவடைகிறது என்று முடிவு செய்யலாம். அப்போது தயங்காமல் புதியது வாங்குக. அந்தச் செலவு நியாயமான செலவு.

இரண்டாம் அளவு: எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் வேண்டும். இல்லையேல் ஆல்டர்னேட்டர் ஊட்டவில்லை. அப்போதும் அதைக் கழற்றி எறிய வேண்டா. பெல்ட் தளர்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் விழித்தெழுவதற்கு வேண்டிய சிறு மின்சாரம், டேஷ்போர்டில் உள்ள சார்ஜ் விளக்கின் வழியாகவே செல்கிறது. அச்சிறு பல்பு எரிந்துபோனால் நல்ல ஆல்டர்னேட்டரும் உறங்கிக் கிடக்கும். சாவியைத் திருப்பி எஞ்சினை ஓட்டாமலிருக்கும்போது அந்த விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வோல்ட் 15-க்கு மேல் ஏறுமானால் அது வேறு வகைத் தீங்கு. பாட்டரி நீர் கொதித்து வற்றும், பல்புகள் அடுத்தடுத்து எரிந்து போகும்.

ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பாட்டரி கேபிளைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பழைய டைனமோ நாளிலிருந்து வந்த பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் இவ்வாறு செய்தால் அதனுள் இருக்கும் டயோடுகள் கெடும். இல்லாத கோளாற்றை நாமே உண்டாக்கிக்கொள்வதாக முடியும்.

மூன்றாம் அளவே மிகுந்த பயனுடையது. ஆயினும் மிகக் குறைவாகச் செய்யப்படுவது. வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று காண்பதே அது. ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இங்கே நமக்குக் கை கொடுக்கிறது. மின்னோட்டத்தை வழியின் தடையால் பெருக்கினால், தொலையும் வோல்ட் கிடைக்கும். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். துருவேறிய முனையின் தடை நூறில் ஒரு பங்கு ஓம்தான். ஆயினும் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். 12-இல் 2 போனால் மோட்டார் எவ்வாறு வேகமாகச் சுழலும்?

இதை அளக்கும் முறை எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்துக்கொண்டு, மற்றொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். 0.2 வோல்ட் அளவில் நின்றால் எர்த் நலம். அதற்கு மிக அதிகமாக ஏறினால், அந்த வழியில் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது. இவ்வாறே பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய முனைக்கும் நடுவே அளந்தால் 0.5 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. விளக்கு மங்கலாயினும் இதே முறைதான். விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும்.

சுமையில்லாதபோது ஓம் அளவு பார்த்து, ஒயர் நன்று என்று தீர்ப்பளிப்பது தவறு. இருபது இழைக் கயிற்றில் பத்தொன்பது இழை அறுந்து ஓரிழை மட்டும் மிஞ்சியிருந்தாலும், பார்வைக்குக் கயிறு தொடர்ந்தே தெரியும். வாளியைக் கட்டி இறைக்கும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும். ஒயரும் அப்படியே.

பியூஸ் எனும் காவற்காரன்

பியூஸ் அடிக்கடி போனால் அதற்கு மேல் ஆம்பியர் உள்ளதைப் போடுவதும், செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ சுற்றுவதும் பெருங்குற்றம் என்றே கூறுவோம். பியூஸ் ஒயரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. 10 ஆம்பியருக்குரிய சிவப்புப் பியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியருக்குரிய பச்சைப் பியூஸைப் போட்டால், ஷார்ட் ஏற்படும் நாளில் பியூஸ் உயிர் பிழைக்கும், ஒயர் தீப்பற்றும். நூல் மூட்டை ஏற்றிய வண்டியில் தீ என்றால் அது எத்தனை குடும்பங்களின் உழைப்பு என்பதை நெசவாள அங்கத்தினர் சிந்திப்பாராக.

ஷார்ட் இருக்கும் இடத்தைக் காண ஒரு சிக்கன வழி உண்டு. எரிந்த பியூஸை எடுத்துவிட்டு, அவ்விடத்தின் இரு முனைகளுக்கும் நடுவே பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை ஒயரால் இணைக்க வேண்டும். ஷார்ட் உள்ளவரை பல்பு பளிச்சென்று எரியும்; பல்பே தடையாக நிற்பதால் ஒயர் கருகாது. பிறகு அந்த வழியில் உள்ள கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒயர்க் கட்டை அங்கங்கே அசைத்துப் பார்க்க வேண்டும். எப்போது பல்பு மங்குகிறதோ அணைகிறதோ, அவ்விடமே குற்றத்தின் இருப்பிடம். ஒரு டஜன் பியூஸ்களை எரித்துத் தேடுவதைவிட இது மேலன்றோ? பின்னாளில் யாரோ சேர்த்த கூடுதல் ஹாரனும், பாட்டுப் பெட்டியும், அலங்கார விளக்கும் முதலில் ஆராயத்தக்கவை. அவற்றிற் பல பியூஸ் இல்லாமலே இணைக்கப்பட்டிருக்கும்.

இரவில் வற்றும் பாட்டரி

மாலையில் நன்றாக இருந்து காலையில் வற்றிக் கிடக்கும் பாட்டரியை, 'செத்துவிட்டது' என்று எழுதித் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. ஒரு கணக்குப் பார்ப்போம். 5 வாட் பல்பு ஒன்று மறைவாக எரிந்துகொண்டிருந்தால் சுமார் 0.4 ஆம்பியர் போகும். இரண்டு நாளில் ஏறக்குறைய 20 ஆம்பியர் மணி தீர்ந்தது. 80 ஆம்பியர் மணிப் பாட்டரியில் இது காற்பங்கு. ஏற்கெனவே பாதி நிறைந்த பாட்டரியாயின் வண்டி கிளம்பாது.

சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பாட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் பொருத்தி அளக்க வேண்டும். பழைய எளிய வண்டிகளில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பின் கவலையில்லை. மிகுந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுக்கும்போது அளவு விழுகிறதெனக் காண்க. எதை எடுத்தும் விழாவிடில் ஆல்டர்னேட்டரின் டயோடு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையின்போது எஞ்சினைக் கிளப்பவே கூடாது. முடிந்தவுடன் மீட்டரின் ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும்.

பாட்டரியைக் கையாளும்போது நெகட்டிவ் முனையை முதலிற் கழற்றி இறுதியில் மாட்டுக. அருகில் தீக்குச்சியோ பீடியோ ஆகாது. சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிவருகிறது. ஊற்றுவதற்குக் கிணற்று நீர் உதவாது. காய்ச்சி வடித்த நீரே வேண்டும்.

மறுப்பும் விடையும்

இதெல்லாம் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் வேலை, நமக்கேன் என்று சிலர் கேட்பர். அவருடைய திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நோயாளியின் காய்ச்சலை வீட்டிலேயே அளந்து குறித்துச் சென்றால் மருத்துவர் கோபிப்பதில்லை. 'கிளப்பும்போது எர்த் வழியில் 1.4 வோல்ட் தொலைகிறது' என்று எழுதி எடுத்துச் சென்றால், தேடும் கூலி குறைகிறது. அவருக்கும் வேலை தெளிவாகிறது. மேலும், கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் டெஸ்ட் லாம்பை வைத்துச் சோதிப்பது கேடு விளைக்கும்; அவற்றை அதற்குரிய பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும். நாம் பேசுவது எளிய பழைய வண்டிகளைப் பற்றி.

நேரமில்லை என்பது மற்றொரு மறுப்பு. விடியற்காலை மூன்று மணிக்கு நேரமில்லைதான். ஆனால் மாதத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் கிடைக்காமற் போகாது. அமாவாசையன்று தறி நிற்கும் ஊர்களில் அந்நாளையே இதற்கு ஒதுக்கலாம். முனைகளைச் சுத்தம் செய்து, வாசலைன் தடவி, மூன்று அளவுகளையும் எழுதி வைத்தால், அடுத்த மாதம் வரப்போகும் கோளாறு இந்த மாதமே எண்ணில் தெரியும்.

பழைய வண்டியை விற்றுப் புதியது வாங்குவதே மேல் என்பாரும் உளர். அதுவும் சில வேளை உண்மையே. ஒயர்களின் உறை முழுவதும் வெடித்து, சரி செய்யுமிடமெல்லாம் புதுக் கோளாறு முளைத்தால், மேலும் செலவிடுவது சிக்கனமாகாது. ஆனால் அந்த நிலை வந்துவிட்டதா என்பதையும் ஏடே சொல்ல வேண்டும். பொதுச் சபையில் ஒருவர் 'விற்கலாம்' என்றும் மற்றொருவர் 'வேண்டாம்' என்றும் குரலை உயர்த்துவதால் உண்மை வெளிப்படாது. ஓராண்டுக் கணக்கைப் படித்தால் வெளிப்படும்.

இவையெல்லாவற்றிலும் பெரிதாக நாம் கருதும் பயன் ஒன்று உண்டு. வண்டி நின்றால் முதலில் ஓட்டுநர் மேல் ஐயம் எழுகிறது. விளக்கை அணைக்க மறந்தார் என்கிறோம். அடுத்து எலக்ட்ரீஷியன் மேல் ஐயம், ஏமாற்றினார் என்கிறோம். பின்னர் பில்லில் ஒப்பமிட்ட செயலாளர் மேலும் ஐயம் படர்கிறது. ஒரு துருப்பிடித்த போல்ட் மூன்று மனிதரின் நாணயத்தைக் கெடுத்துவிடுகிறது. சங்கம் நம்பிக்கையின் மேல் நிற்பது. அந்த நம்பிக்கைக்கு அளவே நல்ல சாட்சி. அது வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்ப்பதில்லை.

எனவே ஒவ்வொரு சங்கமும் அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்திலேயே நான்கு முடிவுகளைச் செய்யலாம். ஒரு மல்டிமீட்டரும் டெஸ்ட் லாம்பும் வாங்கி வண்டியிலேயே வைத்தல். ஓட்டுநரோடு அங்கத்தினர் ஒருவருக்கும் இச்சோதனைகளைக் கற்பித்தல். பாட்டரி, எர்த், சார்ஜ் அளவுகளுக்கென ஒரு நோட்டுப் புத்தகம் திறத்தல். அளவு குறிக்கப்படாத மின்சாதனப் பில்லைத் திருப்பியனுப்புதல். இவற்றின் முதற்செலவு ஒரு புதிய பாட்டரியின் விலையில் சிறு பகுதியே. அங்கத்தினர்கள் தம் சங்கங்களில் இதை எழுப்புவார்களென்றும், விடியற்காலையில் கூடைகளோடு காத்து நிற்கும் நம்மவர்க்கு இனி அந்த 'டக்' ஒலி கேட்காதென்றும் நம்புகிறோம்.